எஸ்எஸ்டியைப் பூட் டிரைவாக்குவது எப்படி: வாங்கும் முன்பிருந்து பழைய டிஸ்க்கைத் துடைப்பது வரை

புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போட்டு விண்டோஸையும் அதில் ஏற்றியாயிற்று. கணினி பறக்கிறது. சில மாதம் கழித்து, இனி இது எதற்கு என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுகிறார்கள். பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில், பூட் செய்ய எந்த டிவைஸும் இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கிறது. பலருக்கு நடப்பது இது. விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. ஆனால் அதை எழுப்பிவிடும் சின்னப் பகுதி பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. அத்தனை மாதமும் கணினி முதலில் பழைய டிஸ்க்குக்குப் போய், அங்கிருந்துதான் எஸ்எஸ்டிக்கு வந்துகொண்டிருந்தது.

பழைய டிஸ்க் இல்லாமல் கணினி எழும்ப வேண்டும். அப்போதுதான் எஸ்எஸ்டி பூட் டிரைவ் ஆனதாகக் கணக்கு. கீழே சொல்லும் பல படிகளுக்கும் காரணம் இதுதான். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியே சொல்கிறேன். லினக்ஸுக்குத் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு.

எதை வாங்குவது

முதலில் வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு குறையும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பைப் படிக்க, சுழலும் தட்டின் மேல் படிக்கும் முனை அந்த இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். தடவைக்கு ஏறக்குறைய 10 மில்லி விநாடி. ஒரே பெரிய வீடியோவை வரிசையாகப் படிக்கும்போது இது உறைக்காது. விண்டோஸ் எழும்பும்போதோ, டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. நூறு முறை நகர்ந்தாலே ஒரு விநாடி போய்விடும். எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. அதே தேடல் 0.1 மில்லி விநாடி அளவில் முடிகிறது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்கள் இதைச் சொல்வதில்லை. சாட்டா, அதாவது ஹார்ட் டிஸ்க்கின் அதே கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டி, விநாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். மதர்போர்டோடு பிசிஐஇ இணைப்பில் நேராகப் பேசும் வேகமான வகை என்விஎம்இ. அதில் பிசிஐஇ 3.0 வகை 3,500 எம்பி வரையும், 4.0 வகை 7,000 எம்பி வரையும் போகும். ஆனால் பூட் ஆகும் நேரத்தில் இவற்றுக்கிடையே தெரியும் வித்தியாசம் சில விநாடிகள்தான். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் அந்தப் பெரிய பாய்ச்சல் கிடைத்துவிடும். பழைய கணினியில் சாட்டா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டாம்.

இனி உருவம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போலவே இருக்கும். அதே கேபிள், அதே இடம். எம்.2 என்பது மெல்லிய பட்டை. குழப்பம் இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே பட்டைக்குள் சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம். சில மதர்போர்டு ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். பட்டையின் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் மேனுவலைத் திறந்து பாருங்கள். நீளத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம், இதுதான் அதிகம் புழங்கும் அளவு. சில சின்னக் கருவிகளில் 2230 மட்டுமே உள்ளே போகும்.

மேனுவலில் இன்னொரு வரியையும் தேடுங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் ஏதாவது மாட்டினால் சில சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாமல் போகும். எஸ்எஸ்டி போட்டதும் பழைய டிஸ்க் செத்துவிட்டது என்று பதறுவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான். கேபிளை வேறு போர்ட்டில் செருகினால் சரியாகிவிடும்.

2014க்கு முந்தைய மதர்போர்டு என்றால் கவனம் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு என்விஎம்இயில் இருந்து பூட் செய்யத் தெரியாது. அடாப்டர் கார்டு போட்டு மாட்டினால் விண்டோஸுக்குள் டிரைவ் தெரியும், ஆனால் அதில் இருந்து எழும்பாது. அத்தகைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டாதான் நல்லது.

கொள்ளளவில், பூட் டிரைவுக்கு 500 ஜிபி குறைந்தபட்சம் என்பது என் கருத்து. 250 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்துவிடும், ஆனால் அப்டேட்டுகளும் மென்பொருள்களும் சேரச் சேர இடத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். நிரம்பி வழியும் எஸ்எஸ்டி வேகமும் குறையும். டிஎல்சி, க்யூஎல்சி என இரண்டு வகை சிப் வருகிறது. பூட் டிரைவுக்கு டிஎல்சியை எடுங்கள். க்யூஎல்சி பெரிய கோப்புகளை நீண்ட நேரம் எழுதும்போது, உள்ளே இருக்கும் தற்காலிக வேகப் பகுதி தீர்ந்ததும் திடீரென்று படுத்துவிடும். எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்ற பயம் மட்டும் வேண்டாம். 1 டிபி டிஎல்சி டிரைவுகள் பலவற்றுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அதை எட்ட முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்

பேக்அப். இதைத் தாண்டிப் போகாதீர்கள். முக்கியமான கோப்புகள் இந்த வேலையில் சம்பந்தப்படாத மூன்றாவது இடம் ஒன்றில் இருக்க வேண்டும். வெளி டிஸ்க்கோ கிளவுடோ, ஏதோ ஒன்று.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடி, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள். யூஇஎஃப்ஐ என்று இருந்தால் பாதை சுலபம். லெகசி என்று இருந்தால் பழைய முறை. யூஇஎஃப்ஐ முறையில் டிஸ்க் ஜிபிடி வகையில் பிரிக்கப்பட்டிருக்கும், லெகசியில் எம்பிஆர். எம்பிஆரால் 2 டிபிக்கு மேல் கையாள முடியாது, நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கின் பிரிவு) மேல் தாங்காது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பதும் யூஇஎஃப்ஐதான். எனவே கணினி இடம் கொடுத்தால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே ஜிபிடிக்கு மாறிவிடுங்கள்.

மூன்றாவது, டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர். லேப்டாப்பில் நீங்கள் போடாமலே டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். பயாஸ் செட்டிங்கைத் தொட்டதும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்றால் அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளோன் செய்யப் போகிறீர்கள், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால் என்கிரிப்ஷனை முழுவதுமாக அணைத்து, டிகிரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருப்பது நல்லது.

விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமோ என்று கேட்பார்கள். டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது. டிஸ்க்கை மாற்றினால் போகாது.

குளோனா, புதிதாக இன்ஸ்டாலா?

என்னைக் கேட்டால் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான். பல ஆண்டுக் குப்பை, எப்போதோ நீக்கிய மென்பொருளின் மிச்சம், பழைய டிரைவர்கள் எல்லாம் அப்படியே புது வீட்டுக்குக் குடிவர வேண்டியதில்லை. பார்ட்டிஷன் அமைப்பும் சுத்தமாக வரும். ஒரு மாலைப்பொழுது போகும், அவ்வளவுதான்.

குளோன் எப்போது நியாயம்? திரும்ப இன்ஸ்டால் செய்ய முடியாத மென்பொருள் இருந்தால். லைசென்ஸ் சிக்கல், அமைத்து முடிக்கவே ஒரு வாரம் எடுத்த வேலைச்சூழல், இப்படி. பழைய விண்டோஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்க் மட்டும்தான் மெதுவு என்றாலும் குளோன் போதும். ஆனால் பழைய டிஸ்க்கில் பேட் செக்டார் (படிக்க முடியாமல் பழுதான பகுதி) இருந்தால் குளோனை மறந்துவிடுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பார்க்கலாம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்.

மாட்டுவது

விண்டோஸை ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே செய்யுங்கள். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும். பிறகு பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். லேப்டாப் என்றால் பின் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. உலோகக் கேபினெட்டை ஒருமுறை தொட்டுவிட்டு எஸ்எஸ்டியைக் கையில் எடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

2.5 அங்குலத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. டேட்டா கேபிள் ஒன்று, பவர் கேபிள் ஒன்று, இரண்டும் ஒரு பக்கமாகத்தான் போகும். டெஸ்க்டாப்பில் அதற்கான பிராக்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே எதுவும் சுழலாததால் எந்தக் கோணத்தில் வைத்தாலும் வேலை செய்யும்.

எம்.2வை நேராகக் குத்தாதீர்கள். ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் செருகுங்கள். தங்க நிற முனைகள் கொஞ்சம்கூட வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே போக வேண்டும். கையை விட்டால் பட்டை சாய்வாகவே நிமிர்ந்து நிற்கும், உடைந்துவிட்டதோ என்று தோன்றும், அப்படித்தான் நிற்க வேண்டும். மறுமுனையை விரலால் மெதுவாக அழுத்திப் படுக்க வைத்து, ஸ்குரூவைப் போட்டு முடுக்குங்கள். நெல்மணி அளவுதான் இருக்கும் அந்த ஸ்குரூ. மதர்போர்டு பெட்டியிலேயோ, ஸ்லாட்டிலேயே ஏற்கெனவே மாட்டியோ வந்திருக்கும். அது நின்று பிடிக்கும் சின்னப் பித்தளைக் காலும் சரியான நீளத்துக்கான துளையில் இருக்க வேண்டும். கால் இல்லாமல் பட்டையை வளைத்து முடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மேலே ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) உண்டு என்றால், அதன் அடியில் இருக்கும் மென்மையான பேடின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மூடுங்கள்.

இப்போது முக்கியமான படி. புதிதாக இன்ஸ்டால் செய்யப் போகிறவர்கள் மற்ற எல்லா டிஸ்க்குகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். உள்ளே எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலர் வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷனைக் கண்டால், எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதிலேயே தன் பூட் கோப்புகளை வைத்துவிடக்கூடும். முதல் பத்தியில் சொன்ன கதை தொடங்குவது அங்கேதான். கேபிளைக் கழற்ற ஒரு நிமிடம், கழற்றாமல் விட்டதைச் சரிசெய்ய ஒரு மாலை.

பயாஸில் பார்க்க வேண்டியவை

கணினியை ஆன் செய்த கையோடு டெலீட் அல்லது எஃப்2 கீயை விட்டு விட்டு அழுத்துங்கள். எச்பியில் எஃப்10. உள்ளே போனதும் முதலில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். இங்கேயே தெரியவில்லை என்றால் விண்டோஸ் என்ன செய்தும் பலனில்லை. திரும்பக் கழற்றி மாட்டுங்கள், பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாட்டா மோட் ஏஎச்சிஐ என்று இருக்கட்டும். பழைய கணினியில் ஐடிஇ என்று இருந்தால் புது இன்ஸ்டாலுக்கு முன் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் இதைத் திடீரென்று மாற்றினால் நீலத் திரைதான் வரும். அப்படி மாற்ற வேண்டி வந்தால் விண்டோஸை சேஃப் மோடில் எழும்பும்படி முதலில் அமைத்து, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டு, பிறகு வழக்கமான முறைக்குத் திரும்ப வேண்டும்.

சிஎஸ்எம் என்று ஒன்று இருந்தால் அணையுங்கள். அதுதான் கணினியை லெகசி முறைக்கு இழுப்பது. ஆனால் பழைய விண்டோஸ் எம்பிஆரில் இருந்தால் அதை அணைத்ததும் அந்தப் பழைய விண்டோஸ் எழும்பாது. குளோன் செய்யப் போகிறவர்கள் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

புதிதாக இன்ஸ்டால் செய்ய

8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென் டிரைவ் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஓடும் கணினி ஏதாவது ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி தாங்கினால் 11 போடுவதே சரி.

பென் டிரைவைச் செருகி ஆன் செய்து, பூட் மெனு கீயை அழுத்துங்கள். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ மதர்போர்டில் எஃப்11, ஆசுஸ் மதர்போர்டில் எஃப்8. பட்டியலில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்று வெறும் பெயருடன், இன்னொன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல்லுடன். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால், இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸ் போட முடியாது என்று பின்னால் ஒரு செய்தி வரக்கூடும். உடனே டிஸ்க்கை எம்பிஆராக மாற்றச் சொல்லிப் பல இடங்களில் அறிவுரை கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்து சரியான வரியை எடுத்தால் போதும்.

மொழி, கீபோர்டு பக்கங்களைக் கடந்து போங்கள். புராடக்ட் கீ கேட்டால், கீ இல்லை என்ற வரியைச் சொடுக்கி, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, தேர்ந்தெடுங்கள். அப்புறம் கஸ்டம் இன்ஸ்டால். டிஸ்க் பட்டியலில் 'அன்அலோகேட்டட்' என்று ஒரே ஒரு வரிதான் தெரிய வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து நேராக நெக்ஸ்ட் கொடுங்கள். நீங்களாகப் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. பூட் கோப்புகளுக்கு 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பியில் ஒரு ரிசர்வ்டு பகுதி, சி டிரைவ், ரெக்கவரி எல்லாவற்றையும் விண்டோஸே பிரித்துக்கொள்ளும்.

பட்டியல் காலியாக வந்தால் பெரும்பாலும் அது இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன லேப்டாப். விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டியை மறைத்துக்கொண்டிருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, இதே பக்கத்தில் 'லோட் டிரைவர்' மூலம் ஏற்றினால் டிரைவ் தெரியும்.

முதல் ரீஸ்டார்ட்டில் மறுபடியும் மொழி கேட்கும் பக்கமே வந்தால், கணினி திரும்பவும் பென் டிரைவில் இருந்து எழும்பியிருக்கிறது என்று பொருள். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குளோன் செய்ய

டெஸ்க்டாப்பில் இரண்டையும் ஒன்றாக மாட்டலாம். ஒரே இடம் உள்ள லேப்டாப்பில் எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டியில் போட்டு வெளியே இருந்து குளோன் செய்ய வேண்டும். எஸ்எஸ்டி நிறுவனங்கள் பலவும் தங்கள் டிரைவுக்கான இலவசக் குளோன் மென்பொருளைத் தருகின்றன. அதில் ஆரம்பியுங்கள். குளோன்சில்லா நல்ல இலவசக் கருவி, ஆனால் முகம் கொஞ்சம் கடினம். பெரிய டிஸ்க்கில் இருந்து சிறியதுக்குப் போவதையும் அது சுலபமாக்காது.

பழைய டிஸ்க்கில் உண்மையில் நிரம்பியிருக்கும் இடம் எஸ்எஸ்டியின் கொள்ளளவைவிடத் தாராளமாகக் குறைவாக இருக்க வேண்டும். வீடியோ, படம் போன்றவற்றை வெளியே நகர்த்தி இளைக்க வையுங்கள். பிறகு மென்பொருளில் சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். சியை மட்டும் நகலெடுத்தால் பூட் பார்ட்டிஷன் பழையதிலேயே நின்றுவிடும், மறுபடியும் அதே கதை. எது மூலம், எது இலக்கு என்பதை மாடல் பெயரையும் அளவையும் வைத்து இரண்டு முறை படித்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். திசை மாறினால் காலி டிஸ்க், நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதப்படும்.

குளோன் முடிந்ததும் ஷட் டவுன் செய்து, முதல் முறை எழுப்பும் முன்பே பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டு டிஸ்க்கும் இப்போது ஒரே அடையாள எண்ணைச் சுமக்கின்றன. இரண்டையும் சேர்த்து எழுப்பினால் எதில் இருந்து எழும்பியது என்று தெரியாது. விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடவும் கூடும்.

லெகசி, எம்பிஆர் கணினியில் இருந்து குளோன் செய்தவர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. எஸ்எஸ்டி அதே லெகசி முறையில் எழும்புகிறது என்று உறுதி செய்த பிறகு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டலாம். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் இருந்து அது உண்டு. கோப்புகளை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடியாக மாற்றி, இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் உருவாக்கித் தரும். பிரைமரி பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ மறுத்துவிடும். முடிந்ததும் பயாஸில் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். ஏதாவது தவறினால், கழற்றி வைத்த பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறது என்பது பெரிய நிம்மதி. என்விஎம்இக்குக் குளோன் செய்தவர்கள் மட்டும் கவனிக்கவும். பல கணினிகள் என்விஎம்இயை லெகசி முறையில் எழுப்பாது. அவர்கள் பழைய டிஸ்க்கை முதலில் ஜிபிடிக்கு மாற்றிவிட்டுத்தான் குளோன் செய்ய வேண்டும்.

சோதனை

பழைய டிஸ்க் வெளியே இருக்கும்போதே கணினியை எழுப்புங்கள். எழும்பிவிட்டால், ஸ்டார்ட் பட்டனில் வலச்சொடுக்கு செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். சி டிரைவ் இருக்கும் அதே வரிசையில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற சின்னக் கட்டம் இருக்க வேண்டும். இருந்தால் சரி. ஷட் டவுன் செய்து பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயரும், கூடவே எஸ்எஸ்டியின் பெயரும் உள்ள வரி முதலில் நிற்க வேண்டும்.

ஏற்கெனவே எஸ்எஸ்டியில் விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். பழைய டிஸ்க்கில் இருந்தால் சரிசெய்ய வழி உண்டு. எஸ்எஸ்டி ஜிபிடியாக இருக்க வேண்டும். விண்டோஸ் பென் டிரைவில் எழுப்பி, முதல் பக்கத்தில் ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் சி பார்ட்டிஷனை 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, அதற்கு ஓர் எழுத்தைக் கொடுங்கள். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளைக்கு மூன்று விவரம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது, பூட் கோப்புகள் எந்த எழுத்துக்குப் போக வேண்டும், யூஇஎஃப்ஐ வகை. இந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறித் தெரியும், உங்கள் சி அங்கே டி ஆகியிருக்கலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே கட்டளையைக் கொடுங்கள்.

அதன் பிறகு செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ்' கருவியைத் திறந்து, டிரைவின் வகை சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், நீக்கிய கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும். குளோன் செய்த பிறகும் ஹார்ட் டிஸ்க் என்றே காட்டிக்கொண்டிருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டில் வின்சாட் சோதனையை ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் திருந்திவிடும்.

பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) அணை, இன்டெக்ஸிங்கை நிறுத்து, டெம்ப் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று என்ற அறிவுரைகள் எஸ்எஸ்டி வந்த புதிதில் பிறந்தவை. இன்று அவற்றால் லாபம் இல்லை. பேஜ் ஃபைலை மெதுவான டிஸ்க்குக்கு அனுப்பினால், வேகத்துக்காகச் செய்த செலவை நீங்களே கெடுத்துக்கொள்வதாகும்.

டவுன்லோட்ஸ், வீடியோஸ் போன்ற ஃபோல்டர்களை மட்டும் பழைய டிஸ்க்குக்கு நகர்த்தலாம். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் பக்கத்தில் பாதையை மாற்றினால் போதும். எஸ்எஸ்டியில் 10 முதல் 20 சதவீதம் இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக இருந்து இன்று பயாஸிலேயே தெரியாமல் போகலாம். டிரிம் ஓடுவதால், தவறி அழித்த கோப்பை மீட்பதும் கிட்டத்தட்ட முடியாது. பேக்அப் வழக்கம் இல்லாதவர்கள் இந்த மாற்றத்தோடு சேர்த்து அதையும் தொடங்கிவிடுங்கள்.

லினக்ஸ் என்றால்

கதை அதேதான். இன்ஸ்டாலரில் பூட் லோடரை எந்த டிஸ்க்கில் வைப்பது என்று கேட்டால் எஸ்எஸ்டியைக் காட்டுங்கள். காட்டினாலும் சில இன்ஸ்டாலர்கள் முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பயன்படுத்திவிடும். அதனால் இங்கும் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றுவதே பாதுகாப்பு. டிரிம்முக்காக உபுண்டுவில் வாரம் ஒருமுறை ஓடும் டைமர் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். குளோன் செய்திருந்தால் இரண்டு டிஸ்க்குகளின் யூயூஐடியும் (அடையாள எண்) ஒன்றாக இருக்கும், இரண்டையும் சேர்த்து மாட்டி எழுப்பாதீர்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

இரண்டு வாரமாவது அதைத் தொடாமல் வைத்திருங்கள். ஏதோ ஒரு மென்பொருளின் செட்டிங், ஏதோ ஒரு ஃபோல்டர் பத்தாம் நாள்தான் நினைவுக்கு வரும். ஃபார்மட் செய்யும் முன் மறுபடி ஒருமுறை அந்தக் கேபிளைக் கழற்றி, கணினி எழும்புகிறதா பார்த்துவிடுங்கள்.

கணினியிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தால், பழைய விண்டோஸ் பார்ட்டிஷன்களை அழித்து ஒரே பெரிய டிரைவாக்கலாம். சி போன்றவற்றை டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே அழித்துவிடலாம். பழைய இஎஃப்ஐ, ரெக்கவரி கட்டங்களில் மட்டும் டெலீட் வராது. அவற்றுக்கு டிஸ்க்பார்ட்டைத் திறந்து, 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, அளவை வைத்துப் பழைய டிஸ்க்கின் எண்ணை அடையாளம் கண்டு, அதை 'செலக்ட்' செய்து, 'கிளீன்' கொடுக்க வேண்டும். கேள்வி கேட்காமல் உடனே முழு டிஸ்க்கையும் காலி செய்துவிடும். எனவே செலக்ட் செய்த பிறகு மறுபடி லிஸ்ட் கொடுத்து, நட்சத்திரக் குறி சரியான டிஸ்க்கின் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்றால் எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில் குழப்பம் தீராது போலத் தோன்றும். ஆனால் 'டீட்டெயில் டிஸ்க்' கட்டளை மாடல் பெயரையே காட்டிவிடும்.

யாருக்காவது கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் கிளீன் போதாது. அது பார்ட்டிஷன் விவரத்தை மட்டும்தான் அழிக்கிறது, கோப்புகளை மீட்டுவிட முடியும். ஹார்ட் டிஸ்க்குக்கு 'கிளீன் ஆல்' கொடுங்கள். ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்யம் எழுதும். 1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், திரையில் எதுவும் அசையாது. இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள்.